முட்டைக்குப் பேசிய வாய்

கள்ளக்குறிச்சி,
18-8-87

786

அன்புத் தம்பி சர்புதீனுக்கு அக்கா கமர் ஜஹான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஜித்தாவில் உன் பல்வலி எப்படி இருக்கிறது? கிராம்பு வைத்தாயா, இல்லை அதற்கும் அரபிக்காரன் மாத்திரைதானா?

சங்கராபுரத்து ஆளிடம் நீ கொடுத்தனுப்பிய பெட்டி பக்ரீத் முடிந்து வந்து சேர்ந்தது. தைலமும் சென்ட்டும் பத்திரம். பேரீச்சம்பழத்தில் பாதியை அந்த ஆள் வழியிலேயே தின்றுவிட்டான் போலிருக்கிறது, பொட்டலம் மெலிந்திருந்தது. கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு கடிகாரம் இருந்தது. கடிகாரத்துக்கு எதற்கடா கோழிப் படம்? நாலு மூலையில் நாலு கோழி, நடுவில் கூடையோடு ஒருத்தன் நிற்கிறான். பொத்தான் வேறு நிறைய இருக்கிறது. அரபு நாட்டில் எதைத்தான் ஒழுங்காகச் செய்கிறார்கள். சுபுஹு தொழுகைக்கு எழ உதவும் என்று அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

மச்சானோடு பேசுகிறாயா என்று கேட்டிருந்தாய். நீ மறந்திருந்தால் மறுபடி சொல்கிறேன். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே நல்ல மார்க் வாங்கிய பிள்ளை என் மகள் ஃபரீன். பிளஸ் ஒன்னில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, நல்ல இடம் வருது என்று என்னை ஒரு வார்த்தை கேட்காமல் திருக்கோவிலூரில் நிக்காஹ் பேசி முடித்து வந்தார் அவளைப் பெற்ற உன் மச்சான். அன்றைக்கு அல்லாஹ் பேரில் ஆணையிட்டேன், பிள்ளை படிப்பை நிறுத்திய மனுஷனோடு இனி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று. அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு ஆண்டாளிடம் சொல்வார். ஆண்டாள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார். "சோறு ஆச்சின்னா நல்லாருக்கும்" என்று சுவரைப் பார்த்து ஒரு குரல் வரும். நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஒன்றரை வருஷமாக வீடு இப்படித்தான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன்னை அல்லாஹ்விடம் ஒப்படைத்த அக்கா,
கமர் ஜஹான்

ஜித்தா,
2-9-87

அன்புள்ள அக்காவுக்கு சர்புதீன் எழுதிக்கொண்டது. வ அலைக்குமுஸ்ஸலாம். நலமாக இருக்கிறேன். பல்லைப் பிடுங்கியாயிற்று, இனி கிராம்பு செலவு மிச்சம்.

அக்கா, அது கடிகாரம் இல்லை! விளையாட்டுச் சாமான். நான் வேலை பார்க்கும் கடையில் இதற்குத்தான் கூட்டம். சும்மா இருக்கும்போது மணி காட்டும், அவ்வளவுதான். மேலே இருக்கும் பொத்தானை அழுத்தினால் கோழிகள் முட்டையிடத் தொடங்கும். முட்டை பலகையில் உருண்டு வரும். விழுவதற்குள் கூடைக்காரனை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். இடதுபக்கம் மேல், கீழ் என்று இரண்டு பொத்தான், வலதுபக்கம் இரண்டு. மூன்று முட்டை உடைந்தால் ஆட்டம் குளோஸ். ஃபரீனுக்காக வாங்கியது. நான் விமானம் ஏறும்போது அவள் பாவாடை கட்டிய பிள்ளை, என் கண்ணில் இன்னும் அப்படியே நிற்கிறாள். அவளிடம் சேர்த்துவிடு.

இதைக் கடையில் தொட்டபோதெல்லாம் எனக்கு பம்பாய் ஞாபகம் வருகிறது. விசாவுக்காக முகமது அலி ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கிடந்தேனே, அங்கே ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. பீரோ உயரத்துக்கு மெஷின். திரையில் பூச்சிகள் வரிசை வரிசையாக இறங்கிவரும், நாம் கீழேயிருந்து சுட வேண்டும். காசு போட்டால் ஒரு ஆட்டம். அந்தச் சத்தம் இருக்கிறதே, டும் டும் என்று நெஞ்சுக்குள் அடிக்கும். பூச்சி நெருங்க நெருங்க அதுவும் வேகமாகும். பிரியாணிக்கு வைத்த காசெல்லாம் அதன் வாயில்தான் போனது. படுத்தால் கூரையிலிருந்து பூச்சி இறங்கும். ஆஹா, என்ன நாட்கள் அவை!

மச்சானுக்கு என் ஸலாம். நீ சொல்லமாட்டாய், ஆண்டாள் அக்காவாவது சொல்லட்டும்.

உன் தம்பி,
சர்புதீன்

கள்ளக்குறிச்சி,
14-9-87

786

தம்பி சர்புதீனுக்கு அக்காவின் ஸலாமும் துஆவும். நலம். உன் நலத்தைத் தெரிந்துகொள்ளத் தினமும் தபால்காரரைப் பார்த்து நிற்கிறேன்.

அடப்பாவி, நல்ல சனியனை அனுப்பினாய். ஃபரீனுக்கு அனுப்புவதற்கு முன் வேலை செய்கிறதா பார்க்கலாம் என்றுதான் பொத்தானை அழுத்தினேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, முட்டையெல்லாம் உடைந்து குஞ்சு வேறு ஓடியது. இது என்ன கூத்து, எனக்கா முட்டை பொறுக்கத் தெரியாது என்று ரோஷம் வந்துவிட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி. அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்து, ஆண்டாள் "இன்னாக்கா, வூடு எரியுதா?" என்று ஓடிவந்த பிறகுதான் தலை நிமிர்ந்தேன். கட்டைவிரல் வீங்கிக் கிடக்கிறது. கண்ணை மூடினால் முட்டை உருளுகிறது. நேற்று நிஜக் கோழி கொக்கரித்ததற்கு என் கை தானாக வலதுபக்கம் போனது. சொன்னால் சிரிப்பாய்.

உன் மச்சானுக்குத் தெரியாது. அவர் கடைக்குப் போன பிறகுதான் எடுப்பேன். வெள்ளிமலைச் சந்தைக்கு அலுமினியப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போனால் இரண்டு நாள் மலையிலேயே தங்கிவிடுவார். அந்த இரண்டு நாளும் எனக்குப் பெருநாள்தான்.

ஃபரீனுக்கு அடுத்த வாரம் அனுப்பிவிடுவேன். பதினேழாம் தேதியிலிருந்து ரோடு மறியல் என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் ஜனத்துக்குத் தனி ஒதுக்கீடு வேண்டுமென்று வன்னியர் சங்கத்தார் நடத்துகிறார்கள். ஆண்டாள் புருஷன் ஆதிமூலம்தான் எங்கள் தெருவில் முன்னால் நிற்கிறார். பஸ் ஓடினால்தானே அனுப்புவதற்கு, பார்ப்போம்.

உன் அக்கா,
கமர் ஜஹான்

கள்ளக்குறிச்சி,
29-9-87

786

அன்புத் தம்பிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. ஒரு வாரம் தபாலே கிடையாது. நாங்கள் எல்லோரும் உயிரோடு, நலமாக இருக்கிறோம். ரேடியோவில் என்ன கேட்டாயோ தெரியாது, பயப்படாதே.

கச்சிராயபாளையம் ரோட்டிலும் சேலம் ரோட்டிலும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பால் இல்லை, கடை இல்லை. ஆதிமூலத்தை போலீஸ் அடித்து வேனில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டது. ஆண்டாள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. நேற்றுத்தான் அவர் கையில் கட்டோடு வந்து சேர்ந்தார்.

உன் மச்சான் ஏழு நாளும் வீட்டில். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் தொடர்ந்து அத்தனை நாள் வீட்டில் இருந்ததில்லை. ஓரிரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் கை அரிப்பு தாங்கவில்லை, அடுப்படியில் ஒளிந்து ஆடினேன். டிக் டிக் என்று சத்தம் கேட்டு வந்துவிட்டார். "இன்னா சத்தம் அது?" என்று சுவரைக் கேட்டார். சுவர் பதில் சொல்லவில்லை. எனக்கோ உச்சக்கட்டம், நாலு பக்கமும் முட்டை உருளுகிறது, எங்கே ஒளிப்பது? ஆடிக்கொண்டே இருந்தேன். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவர் திடீரென்று, "மேல! எடப்பக்கம் மேல!" என்று கத்தினார். நான் பதறியதில் முட்டை போயிற்று. "பக்கத்துல வந்து கத்துனா எப்டி வரும்?" என்றேன். கூடைக்காரனைப் பார்த்துத்தான் சொன்னேன், சத்தியமாக.

மறுநாள் எதிரே வந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் சாமானை வைத்தோம். இடதுபக்கக் கோழிகள் அவருக்கு, வலதுபக்கம் எனக்கு. ஆனால் கூடைக்காரன் ஒருத்தன்தானே? அவர் அந்தப் பக்கம் இழுத்தால் என் முட்டை உடையும். அதனால் வாயைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது. "இரு, எனக்கு வருது." "போ, இப்ப உனக்கு." "கீழ, கீழ!" "அய்யோ, வுட்டுட்டியே!" இப்படியே பொழுது போயிற்று. வெளியே ஊர் பற்றி எரிகிறது, நாங்கள் முட்டை பிடிக்கிறோம். கஞ்சிதான் குடித்தோம், அது கஞ்சி என்றுகூடத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் அவர் எழுந்து போய்விடுவார். நானும் பேசமாட்டேன். ஆட்டத்துக்கு வெளியே ஒரு சொல் கிடையாது.

இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது தம்பி. நான் பேசினேனா, பேசவில்லையா? நான் முட்டையோடுதான் பேசினேன். ஆனால் அவர் காதில் விழுந்தது, அவர் கையும் நான் சொன்னபடி போனது. என் ஆணை முறிந்ததா? இங்கே பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டால் பொழுது சாய்வதற்குள் ஊர் சிரிக்கும். அங்கே விவரம் தெரிந்தவர் யாராவது இருந்தால் யாரோ ஒரு பெண் கேட்கிறாள் என்று கேட்டு எழுது. தாமதம் செய்யாதே.

குழப்பத்தில் இருக்கும் அக்கா,
கமர் ஜஹான்

ஜித்தா,
16-10-87

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். நலம். ஊர்ச் செய்தி கேட்டு இரண்டு வாரம் தூக்கமில்லை. உன் கடிதம் வந்த பிறகு சிரித்துச் சிரித்துத் தூக்கமில்லை.

இங்கே எங்கள் கேம்ப்பில் வாணியம்பாடி ஹஜ்ரத் ஒருவர் தொழவைக்கிறார். யாரோ ஒரு பெண் என்று சொல்லிக் கேட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எந்த முட்டை?" என்றார். விளக்கினேன். கடைக்கே வந்து சாமானைப் பார்த்தார், ஆடியும் பார்த்தார். (அது வேறு கதை. இப்போது அஸர் தொழுகைக்கு அப்புறம் தினமும் வருகிறார்.) அவர் சொன்னது இதுதான். புருஷன் காதில் விழட்டும் என்று நினைத்துச் சொல்லியிருந்தால் பேச்சுதான், ஆணை முறிந்தது. நினைக்காமல் சொல்லியிருந்தால் வேறு. எது என்று உன் மனசுக்குத்தான் தெரியும். முறிந்திருந்தால் பத்து ஏழைகளுக்கு இரண்டு வேளை வயிறாரச் சோறு போட வேண்டும். சோறு போட வழியே இல்லாதவர்களுக்குத்தான் மூன்று நாள் நோன்பு. அரிசி இருக்கிற வீட்டில் நோன்பு செல்லாது.

இன்னொன்றும் சொன்னார், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. உறவை வெட்டுகிற ஆணையைக் காப்பாற்றுவதைவிட முறித்துவிட்டுப் பரிகாரம் செய்வது மேல் என்றார்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், திட்டாதே. முறியவில்லை என்று நான் எழுதியிருந்தால் உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா?

பதில் எழுது.
சர்புதீன்

கள்ளக்குறிச்சி,
1-11-87

786

தம்பிக்கு அக்காவின் ஸலாம். நலம், நீயும் நலமாக இரு.

பெரிய மனுஷனாகிவிட்டாய், அக்காவைக் கேள்வி கேட்கிறாய். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

சாமானை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். சோறு போட அரிசி யாரிடம் கேட்பது? அவர் வாங்கிப்போட்ட மூட்டைதான் வீட்டில் இருக்கிறது. அவரிடம் போய், உங்களோடு பேசிவிட்டேன், அதற்குப் பரிகாரம் செய்ய அரிசி கொடுங்கள் என்று நானே கேட்பதா? அப்படியே கேட்டாலும் ஃபரீனுக்கு என்ன பதில் சொல்வேன்? அவளுக்காக மூடிய வாய் இது. அதை முட்டைக்காகத் திறந்தேன் என்று தெரிந்தால் பிள்ளை என்னை என்ன நினைக்கும்?

இன்னொன்றும் நடந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. மறியல் முடிந்த பிறகும் சாயங்காலம் கடை சாத்திவிட்டு வந்து ஆட்டத்துக்கு உட்கார்ந்துகொண்டிருந்தார். உன் கடிதம் வருவதற்கு முந்தின வாரம், ஆட்டம் நன்றாகச் சூடு பிடித்திருந்த நேரம், பொத்தானை அழுத்திக்கொண்டே சொன்னார்: "ஆதிமூலம் தன் புள்ளைக்கு காலேஜுல ஒரு சீட்டு கெடைக்கணும்னு ரோட்டுல குந்தி அடி வாங்கிக்கினு வந்திருக்கான். நான் எம் புள்ள கையில இருந்ததையே புடுங்கிப் போட்டுட்டேன்."

என் பக்கம் வந்த முட்டை உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன், அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடம் சொன்னார்? என்னிடமா, கோழியிடமா? ஒன்றரை வருஷம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இப்போது, ஆட்டத்துக்கு நடுவில், இதற்கு நான் என்ன சொல்வது? சொல்லலாமா, கூடாதா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பூட்டிய அன்று அவர் காதில் விழும்படி ஆண்டாளிடம், "அந்தச் சாமான்ல செல் தீந்துபோச்சு" என்றேன். தீரவில்லை. அவர் மறுநாளே வெள்ளிமலைக்குப் போனவர் இன்னும் இறங்கவில்லை. மலையில் குளிர் ஜாஸ்தி, கம்பளியை எடுத்துப் போகவில்லை.

இதற்குமேல் எழுதத் தோன்றவில்லை.
கமர் ஜஹான்

வெள்ளிமலை, கல்வராயன் மலை,
20-11-87

786

அன்பு மைத்துனர் சர்புதீனுக்கு கரீம் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். தாங்கள் நலமாயிருக்க துஆ செய்கிறேன். பெருநாள் வாழ்த்தைத் தவிர நான் தங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை, எனவே ஆச்சரியப்படுவீர்கள். கெட்ட செய்தி ஒன்றும் இல்லை.

தாங்கள் அனுப்பிய கோழிக் கடிகாரத்தில் செல் தீர்ந்துவிட்டது. சட்டைப் பொத்தான் போன்ற சிறிய செல். கள்ளக்குறிச்சியில் வாட்ச் கடை வைத்திருப்பவர் புதுச்சேரியில் கேட்கச் சொன்னார். ஆள் விட்டுக் கேட்டேன், இல்லை. சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போனவரிடமும் சொல்லியிருக்கிறேன். தங்கள் கடையில் கிடைக்கும் என்று நினைக்கிறேன். நாலைந்தாக அனுப்பினால் நல்லது. சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

மலையில் மழை விட்டுவிட்டது. புளி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. சந்தையில் வியாபாரம் சுமார். நான் கீழே இறங்கிப் பல நாள் ஆகிறது. இறங்கிப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை.

தங்கள் அக்கா சுகமாக இருப்பார் என்று நம்புகிறேன். தங்களுக்குக் கடிதம் வந்திருந்தால் ஒரு வரி தெரிவிக்கவும்.

செல்லை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கரீம்

ஜித்தா,
9-12-87

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். நான் நலம். நீ நலமா என்று உன்னைக் கேட்பது நான் மட்டும் இல்லை. மச்சான் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார்! செல் வேண்டுமாம். புதுச்சேரி வரைக்கும் ஆள் விட்டுத் தேடியிருக்கிறார், சென்னைக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். தீராத செல்லுக்காக அந்த மனுஷனை எத்தனை ஊர் அலைய வைத்திருக்கிறாய் பார்.

பம்பாய்க் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த மெஷினிடம் நான் ஏன் அப்படிக் கிடந்தேன் தெரியுமா? எனக்கு இந்தி வராது. லாட்ஜில் பேச ஒரு ஆள் இல்லை. கடையில் பக்கத்து மெஷினில் ஒரு மலையாளி ஆடுவான். அவனுக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு மலையாளம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் நான் ஆடும்போது பின்னால் நின்று கத்துவான், அவன் ஆடும்போது நான் கத்துவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். விசா வந்து அவன் போன மறுநாள் அதே கடைக்குப் போனேன். அதே மெஷின், அதே பூச்சி. ஒரு ஆட்டம்கூட முடிக்க மனசு வரவில்லை. நான் பூச்சிக்காகப் போகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது அந்தக் கடையை நினைத்தால் எனக்கு அவன் குரல்தான் கேட்கிறது.

மச்சானுக்கு செல் அனுப்பமாட்டேன். நீ அரிசி கேள்.

சர்புதீன்

கள்ளக்குறிச்சி,
20-1-88

786

அன்புத் தம்பிக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நலம். உன் கடிதம் கையில் கிடைத்த வாரம்தான் முதலமைச்சர் காலமானார். மறுபடி பஸ் இல்லை, கடை இல்லை. உன் மச்சான் அதற்கு முந்தின நாள்தான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். கூடத்தில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் படித்ததையே படித்துக்கொண்டிருந்தார்.

நான் வாசற்படிக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கடைசியில் அவர் எதிரே போய் நின்று, "இன்னாங்க, பத்து பேருக்கு ரெண்டு வேள சோறு போடணும். அரிசி எடுத்துக்கிறேன்" என்றேன்.

அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? திரும்பிப் பின்னால் பார்த்தார், ஆண்டாள் நிற்கிறாளா என்று! யாரும் இல்லை. மறுபடி என்னைப் பார்த்தார். "எந்த அரிசி?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

காரணம் கேட்கவில்லை. அவரே கருணாபுரம் போய், ஊரடைப்பில் கூலி இல்லாமல் கிடந்தவர்களை அழைத்து வந்தார். பத்துப் பேருக்குச் சொன்னால் தெருவில் பாதி வந்துவிட்டது, உன் மச்சானுக்கு எங்கே இல்லை என்று சொல்ல வாய் வரும்? அவரே பரிமாறினார். எல்லோரும் போன பிறகு, "இன்னா வேண்டுதல்?" என்றார். ஆணை, முட்டை, ஹஜ்ரத், பீரோ எல்லாவற்றையும் கொட்டினேன். செல் தீரவில்லை என்றும் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "அப்ப இத்தினி நாளா நீ என்கிட்ட பேசலியா? முட்டைகிட்டதான் பேசிக்கினு இருந்தியா? நான் உன்கிட்டதான் பேசினேன் கமர்" என்றார். தம்பி, கல்யாணமான நாளிலிருந்து அவர் என் பேரைச் சொல்லி நான் கேட்டது கொஞ்சம்தான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஆனால் ஒரு கூத்தைக் கேள். ஆணை போயிற்று, பேசலாம். பேச ஒன்றும் வரவில்லை. "சாப்டியா?" "ம்." "மழ வரும்போல." "ம்." இப்படியே இரண்டு நாள். பீரோவைத் திறந்து சாமானை எடுத்து வைத்தேன், அதை யாரும் தொடவில்லை. பிறகுதான் நான் சொன்னேன், ஃபரீனைப் போய்ப் பார்ப்போம், தனியாகப் பரீட்சை எழுத வைக்க அவள் வீட்டாரைக் கேட்போம் என்று. அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தாராம். எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கிறது. அவளிடம் இந்தச் செய்தியை என் வாயால் சொல்ல வேண்டும். துஆ செய்.

உன் அக்கா,
கமர் ஜஹான்

ஜித்தா,
8-2-88

அன்புள்ள அக்கா, ஸலாம். கடிதத்தை ஹஜ்ரத்துக்குப் படித்துக் காட்டினேன். யாரோ ஒரு பெண் என்று இனி மறைக்க முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு ஒரு ஆட்டம் ஆடினார்.

ஃபரீனின் படிப்புச் செலவு என்னுடையது. மச்சான் வேண்டாம் என்றால் நான் அவரோடு பேசமாட்டேன் என்று சொல். திருக்கோவிலூர் போய்வந்ததும் எழுது. அவள் முகம் எப்படி மலர்ந்தது, என்ன சொன்னாள் எல்லாவற்றையும் எழுது.

சர்புதீன்

கள்ளக்குறிச்சி,
14-3-88

786

தம்பி சர்புதீனுக்கு அக்கா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு நலம். மனசு எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று கேட்டிருந்தாய், அதனால்தான் எழுத இவ்வளவு நாள் ஆனது.

போன மாதக் கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து திருக்கோவிலூர் போனோம். பஸ்ஸில் ஒரு மணி நேரச் சொச்சம்தான். இந்த இரண்டு வருஷத்தில் பெருநாளுக்கு அவள் இங்கே வந்து முகம் காட்டிவிட்டுப் போனதைத் தவிர நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. போக வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும், கேட்டால் ஆணை முறியும். அதனால் போகவில்லை. பிள்ளைக்காக இருக்கிறோம் என்ற பெருமையில் அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஃபரீன் வாசலில் வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ அனுப்பிய சாமானைக் கொடுத்தேன். வாங்கி, பார்க்காமல் மாடத்தில் வைத்தாள். அவளைத் தனியாக அழைத்துப்போய், அத்தாவோடு பேசிவிட்டேன், மனம் மாறிவிட்டார், நீ படிக்கப் போகிறாய் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் சிரிப்பாள், கட்டிக்கொள்வாள் என்று நின்றேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மறக்கவில்லை. "எனக்காகத்தான் நீ அத்தாகிட்ட பேசலைன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. உன்ன நான் பேசாம இருன்னு சொன்னேனாம்மா? நிக்காஹ் பேசிட்டு வந்த அன்னிக்கி, நீ அத்தாகிட்ட சண்ட போடுவ, கத்துவ, நிறுத்துவன்னு கதவுக்குப் பின்னால நின்னுக்கினு இருந்தேன். நீ ஆணை வச்சிட்டு வாய மூடிக்கின. அப்புறம் யாரு எனக்காகப் பேசறது? நீ பேசலைன்னுதான் அத்தா மலைக்கு ஓடினாரு. அவரு மலையில, நீ வூட்டுல, நான் இங்க. என்ன எப்டி இருக்கேன்னு கேக்க ஒருத்தர் வரல. இப்ப நீங்க ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டீங்க. நல்லது. டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

நீயே சொல் தம்பி. யாருக்காக நான் வாயை மூடினேன்? அவளுக்காக என்று நினைத்தேனே, அது பொய்யா? பேச வேண்டிய அன்றைக்குப் பேசாமல், பேசாதிருப்பதையே பெரிய சண்டை என்று நினைத்துக்கொண்டேனா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆனால் அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டு நான் எழுந்து வரவில்லை. கூடத்துக்குப் போய் அவள் மாமியார் எதிரே உட்கார்ந்தேன். உன் மச்சான் தொண்டையைச் செருமினார், நான் அவரைப் பேச விடவில்லை. என் மகள் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை, அதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கெடுத்தோம், நீங்கள் மனசு வைத்தால் ஒரு வருஷம் எங்கள் வீட்டிலிருந்து டுடோரியலில் படித்துப் பரீட்சை எழுதட்டும் என்று கேட்டேன். அந்தம்மா முதலில் முடியாது என்றார். ஊர் என்ன பேசும் என்றார். நான் விடவில்லை. என் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் மருமகன்தான், "அவளக் கேளுங்க. அவளுக்கு இஷ்டம்னா எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அவளைக் கேட்டோம். "யோசிக்கணும்" என்றாள். மூன்று நாள் கழித்து மருமகனே பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். டுடோரியலில் சேர்த்திருக்கிறோம். காலையில் போகிறாள், வருகிறாள், படிக்கிறாள். அவள் அத்தா கேட்டால் பதில் சொல்கிறாள். என்னிடம் பேசுவதில்லை. ஆண்டாள், "வுடுக்கா, புள்ள தானா சரியாவும், நீயும் பேசாம இரு" என்றாள். அந்தப் புத்தி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் படிக்கிற அறை வாசலில் கீரையும் முறமுமாக உட்கார்ந்துகொள்கிறேன். அன்றைக்கு அவள் அத்தாவிடம் நான் கத்தியிருக்க வேண்டியதையெல்லாம் இப்போது அவளிடம் சொல்கிறேன். அவள் பக்கத்தைப் புரட்டுகிறாள். சில நாள் பக்கத்தைப் புரட்டாமல் இருக்கிறாள், அப்போது கேட்கிறாள் என்று வைத்துக்கொள்கிறேன். பதில் வருமா, என்றைக்கு வரும், எனக்குத் தெரியாது. வருகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஃபரீனுக்கு நீ தனியாகக் கடிதம் எழுது, எனக்குள்ளதில் சேர்த்து எழுதாதே. அவளையே கேள், எப்படி இருக்கிறாய் என்று.

உன் அக்கா,
கமர் ஜஹான்